இடது கன்னத்து வெளிச்சம்

இன்று காலை ஸ்டுடியோவைத் திறந்து ஃபேனைப் போட்டதும் அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு தெர்மாகோல் மணி உருண்டு வந்து என் காலருகே நின்றது. உன் நகம் கிள்ளிப் போட்டதுதான். கஸ்டமர் தலை வாரிக்கொண்டு வரும்வரை, வெளிச்சத்தைத் திருப்பக் கையில் பிடித்திருக்கும் தெர்மாகோல் பலகையின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே நிற்பாய். எலி கடித்த மாதிரி ஆகிவிட்டது பலகை என்று எத்தனை முறை கத்தியிருப்பேன். "போனா போவுது, வேற வாங்கிக்கலாம். இன்னா இப்போ?" என்பாய். நீ போன பிறகு அந்தப் பலகையை அலமாரி மேலே ஏற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். நேற்றுதான் இறக்கினேன். இறக்கும்போது உதிர்ந்திருக்கும். குனிந்து அந்த மணியை எடுத்தவனால் நிமிர முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே சென்னை-கொல்கத்தா ரோட்டில் லாரிகள் போக, ஷட்டர் அதிர்ந்துகொண்டே இருந்தது.

நீ படிக்க மாட்டாய் என்று தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியோடு நின்றுவிடுகிறது. உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். பலகையை ஏன் இறக்கினேன் என்பதும் அதற்குள்தான் இருக்கிறது.

உன் முதலாம் ஆண்டு நினைவு ஜெபத்துக்கு, ஆர்.கே.பேட்டையில் உன் அம்மா வீட்டு மேசைமேல் வைக்க, உன் படம் ஒன்று வேண்டியிருந்தது. ஒரே ஒரு படம். புதுவாயல் கூட்டுரோட்டில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறவனிடம் அவன் மனைவியின் படம் இல்லை. அத்தை போனில் கேட்டார், கோபமாகக்கூட இல்லை, ஆச்சரியமாக: "ஊர்ல இருக்கறவன் மூஞ்சியெல்லாம் எடுத்துக் குடுத்தியே நைனா. எம் பொண்ணு மூஞ்சி ஒண்ணுகூடவா உன்னாண்ட இல்ல?"

என்ன பதில் சொல்வேன்? இல்லை அத்தை, அழித்துவிட்டேன், ஒவ்வொன்றாக, என் கையாலேயே, அவள் சொன்னபடி, என்றா?

நம் ஸ்டுடியோவின் வழக்கம் உனக்கு ஞாபகம் இருக்கும். கஸ்டமர் உட்காருவதற்கு முன்னால் நீ உட்கார வேண்டும். இங்கே வருகிறவர்கள் பாதிப்பேர் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள். கண் சிவந்திருக்கும், முதுகு வலிக்கும். அவர்களை ஸ்டூலில் உட்காரவைத்துப் பளிச் பளிச்சென்று அடித்து விளக்கைச் சரிபார்த்தால், நிஜப் படம் எடுக்கும் நேரத்தில் முகம் மரக்கட்டையாகிவிடும். அதனால் முதலில் நீ. நீ உட்காருவாய், நான் ஒன்று அடிப்பேன், மூக்கு நிழல் உதட்டைத் தொடுகிறதா, கன்னத்தில் கண்ணுக்குக் கீழே அந்தச் சின்ன முக்கோண வெளிச்சம் விழுகிறதா என்று பார்த்து விளக்கை ஏற்றி இறக்குவேன். மறுபடி ஒன்று. எல்லாம் சரியானதும் நீ எழுந்து கஸ்டமரைக் கூப்பிடுவாய். கூப்பிடுவதற்கு முன்னால் என் பக்கம் திரும்பாமலே கேட்பாய்.

"அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேன்."

"காட்டு."

கேமராவைத் திருப்பிக் காட்டுவேன். வெறும் திரையைப் பார்த்த பிறகுதான் பலகையைக் கையில் எடுப்பாய்.

உன் இடது கன்னத்துத் தழும்பைப் பற்றி நாம் அதிகம் பேசியதே இல்லை. தத்தித் தத்தி நடந்த வயதில், கஞ்சி வடித்துக்கொண்டிருந்த அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாயாம். பானை சரிந்தது. கண்ணுக்குக் கீழிருந்து தாடைவரை தோல் சுருங்கி மினுமினுப்பாக ஆகிவிட்டது. கல்யாணம் பேச வந்தபோதே சொல்லிவிட்டாய்: "மொதல்ல இந்தப் பக்கம் பாரு. பாத்துட்டு வேணாம்னா காபிய குடிச்சிட்டுக் கெளம்பு." நான் காபியும் குடித்தேன், கிளம்பவும் இல்லை. அதற்குப் பிறகு தழும்பு எனக்குப் பழகிவிட்டது. உனக்குத்தான் பழகவில்லை. பஸ்ஸில் எந்த சீட், கோயிலில் எந்தத் தூணுக்கு இந்தாண்டை, கல்யாண வீட்டில் எந்த ட்யூப் லைட்டுக்குக் கீழே நிற்கக் கூடாது என்பதெல்லாம் உனக்கு அத்துப்படி. நான் போனை நீட்டினால் முந்தானை முகத்துக்கு ஏறிவிடும். நம் கல்யாண ஆல்பத்தில் இருக்கிறாய், ஆனால் மணப்பெண் முக்காட்டு நெட்டுக்குள்ளே, சுவருக்குப் பூசிய மாதிரி மேக்கப்போடு. அத்தை அந்த ஆல்பத்தைத் திறப்பதே இல்லை. அது பொம்மை என்கிறார்.

நான் விளக்குப் போடும் வேலையைச் சென்னையில் ஒருவரிடம் கற்றுக்கொண்டு வந்தவன். பெரிய விளக்கு இந்தக் கோணம், சின்ன விளக்கு அந்தக் கோணம் என்று மனப்பாடமாகச் சொல்வேன். நீ வந்து சமையலறையையே ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்தாய். பால் பவுடர் டின்னின் அடியை வெட்டிச் சின்ன விளக்கின் முன்னால் மாட்டி, முடிக்கு மட்டும் வெளிச்சம் விழ வைத்தாய். மாவு சல்லடையை விளக்குக்கு முன்னால் பிடித்து, சுவரில் புள்ளி புள்ளியாக நிழல் விழுந்ததும் கைதட்டினாய். முறத்தில் வெள்ளித்தாள் ஒட்டி, உட்கார்ந்திருப்பவரின் மடியில் வைத்து, தாடைக்குக் கீழே தேங்கும் இருட்டை விரட்டினாய். கறுப்புப் போர்வையை முகத்தின் ஒரு பக்கம் தொங்கவிட்டால் கன்னம் ஒடுங்கித் தெரியும் என்று கண்டுபிடித்துவிட்டு நீ ஆடிய ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். அந்தப் போர்வை இல்லாமல் அந்தக் குளிர்காலம் முழுக்க நான் நடுங்கியதையும் சொல்ல வேண்டும்.

"லைட்ட போடறது பெருசில்லயா. எங்க போடக் கூடாதுன்னு தெரியணும்," என்பாய். சண்டையில்கூட அதையே சொல்வாய்.

ஒருமுறை ஒரு பெண்ணை வரன் பார்ப்பதற்கான படத்துக்கு அழைத்து வந்திருந்த அவளுடைய சித்தி, "கொஞ்சம் வெள்ளையா வர்ற மாதிரி எடுங்க," என்றாள். நீ வெள்ளைத் திரையைச் சுருட்டிவிட்டு அரக்குத் திரையை இறக்கினாய். பின்னாலிருந்து ஒரு விளக்கு, தோளின் ஓரத்தில் கோடு மாதிரி. அந்தக் கறுப்பு நெற்றியும் மூக்குநுனியும் எண்ணெய் தடவிய சிலை மாதிரி மின்னின. அந்தப் பெண் தன்னைத் திரையில் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சித்திக்கு அப்போதும் மனசு ஆறவில்லை. "வெள்ளையா வேணும்னா சுண்ணாம்பு அடிச்சிக்கினு வாங்க," என்று சொல்லியே விட்டாய். அன்றைக்குக் கஸ்டமர் கையைவிட்டுப் போய்விடும் என்று நான் பயந்து செத்தேன். அவர்கள் போகவில்லை.

நம் இருவருக்கும் ஓயாத சண்டை ஒன்றுதான். பெரிய விளக்கு நிற்கும் இடம். தரையில் சிவப்பு டேப் ஒட்டி வைத்திருந்தாய். கேமராவுக்குப் பின்னால் நிற்கும் எனக்கு வலது கைப்பக்கம் விளக்கு. இடது கைப்பக்கம் பலகையோடு நீ. விளக்கைப் பார்த்தபடி, அதன் வெளிச்சத்தை வாங்கி, ஸ்டூலில் இருப்பவர் முகத்தின் இருட்டுப் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டு நிற்பாய். முகத்துக்கு முகம் மாறும், சிலருக்கு அந்தப் பக்கம் எடுப்பாக இருக்கும், விளக்கை இடம் மாற்றலாம் என்பேன்.

"மூஞ்சிய திருப்பிக்கலாம். லைட்டு அங்கதான் இருக்கணும்."

"அங்க இருந்தா நீ டெஸ்டுக்கு உக்காரும்போது உன் எடது கன்னத்துல அடிக்குதே. இந்தப் பக்கம் மாத்துனா அது நெழல்ல போயிடும். உனக்குத்தானே நல்லது?"

"அதான் அழிக்கச் சொல்றேன்ல? சும்மா பேஜாரு பண்ணாத."

பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன். டேப் தேய்ந்தால் அதே இடத்தில் புது டேப் ஒட்டுவாய்.

பிறகு அந்தக் காய்ச்சல். மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்றாய், சரியாகவில்லை. ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்கு நேர் மேலே ட்யூப் லைட். வார்டு முழுக்க எரிகிற விளக்கு, உனக்காக அணைக்க மாட்டார்கள். கண்ணைத் திறந்தபோதெல்லாம் அதைத்தான் சொன்னாய். "அந்த லைட்ட நிறுத்தச் சொல்லுயா." தாகம் என்று சொல்லவில்லை, வலி என்று சொல்லவில்லை. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று உன் இடது கன்னத்துக்கு மேலே என் உள்ளங்கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டேன். கை வலித்தால் மறு கை. நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போனாள். என் கையின் நிழலுக்குள்ளேதான் நீ போனாய்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. உன் முகம் எனக்கு மறக்க ஆரம்பித்தது. சத்தியமாகச் சொல்கிறேன். கண்ணை மூடினால் மூக்கின் நிழல் வருகிறது. கண்ணுக்குக் கீழே அந்த முக்கோணம் வருகிறது. நெற்றியில் மினுமினுக்கும் வியர்வை வருகிறது, பவுடர் போடச் சொல்ல வேண்டும் என்று வாய்வரை வருகிறது. முழு முகமாகச் சேர்ந்து வர மாட்டேன் என்கிறது. உன்னை எத்தனை ஆயிரம் தடவை கேமரா வழியாகப் பார்த்திருப்பேன்! விளக்கைப் பார்த்தேனே தவிர உன்னைப் பார்த்தேனா என்று கேட்டுக் கேட்டுப் பைத்தியம் பிடிக்கும்போல் ஆகிவிட்டது. பஸ்ஸில் முன் சீட்டில் யாராவது உன்னைப் போல் பின்னலைப் போட்டிருந்தால் இறங்கும்வரை அந்த முதுகையே பார்த்துக்கொண்டு போனேன். எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்பதே மறந்துவிடும்.

ஸ்டுடியோவிலும் நான் உருப்படியாக இல்லை. இரண்டு பக்கமும் இரண்டு குடை விளக்கு, சமமான வெளிச்சம், நிழலே இல்லாத மூஞ்சி. யார் வந்தாலும் பாஸ்போர்ட் படம்தான். கல்யாணப் பெண்ணும் பாஸ்போர்ட், கைக்குழந்தையும் பாஸ்போர்ட். பெரிய விளக்கை மூலையில் தள்ளிப் போர்வை போட்டு மூடிவிட்டேன். அதே கறுப்புப் போர்வைதான்.

அத்தை படம் கேட்டதும் முதலில் உன் ஆதாரை எடுத்தேன். யாராவது செத்த வீட்டார் ஆதார் அட்டையைக் கொண்டுவந்து இதைப் பெரிதாக்கிக் கொடுங்கள் என்றால், நாம் இருவரும் அவர்கள் போன பிறகு தலையில் அடித்துக்கொள்வோமே, அந்த ஆதார். எடுத்தவர் உன்னை நேராகப் பார்க்கச் சொல்லியிருப்பார். நீ பயந்துபோய், போலீஸ் பிடித்துவந்த மாதிரி நிற்கிறாய். பெரிதாக்கி அத்தைக்கு அனுப்பினேன். "எம் பொண்ணு யாராண்டயும் இப்படிப் பயந்து நின்னதில்ல. இத வெக்காத," என்றார்.

கும்மிடிப்பூண்டியில் ஃப்ளெக்ஸ் போடும் நம் கூட்டாளியிடம் போனேன். அவன் பாவம், உதவி செய்யத்தான் பார்த்தான். கம்ப்யூட்டரில் ஏதோ புது ஆப் வந்திருக்கிறதாம், ஆதார் படத்தைப் போட்டால் அதுவே சிரிக்க வைத்து, அதுவே விளக்குப் போட்டுக் கொடுக்குமாம். கொடுத்தது. வெள்ளையாக, வழவழவென்று, கன்னத்தில் ஒரு கோடு இல்லாமல் யாரோ ஒருத்தி உன் புடவையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். நீ சுண்ணாம்பு என்று சொன்னாயே, அதுதான். ஆனால் கையில் வேறெதுவும் இல்லையே. பிரின்ட் போட்டு ஆர்.கே.பேட்டைக்கு எடுத்துப் போனேன். அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"தழும்பு எங்க நைனா?"

நான் படத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன்.

"அது எங் கையால ஆனது. நான் வடிச்ச கஞ்சி. சாவற வரைக்கும் எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டியா?"

அந்தப் படத்தைத் திருப்பி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்குச் சாப்பாடு போட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே நான் யோசித்தது ஒன்றுதான். நீ மறைக்கச் சொன்னாய். அவர் அதைத்தான் கேட்கிறார். உங்கள் இருவருக்கும் நடுவில் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

பழைய மெமரி கார்டுகளையெல்லாம் பொறுக்கிக்கொண்டு சென்னைக்குப் போனேன். அழித்ததைத் திரும்ப எடுத்துத் தருகிற கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் நிதானமானவர். ஒரு படத்தை அழித்தால் அது உடனே போய்விடாது சார், அதன் மேலே இன்னொரு படம் எழுதும்வரை அங்கேயேதான் இருக்கும் என்றார். எனக்கு உயிர் வந்தது. உடனே அந்த உயிர் போகவும் செய்தது. நாம்தான் ஒவ்வொரு முறையும் உன்னை அழித்த கையோடு அதே கார்டில் அடுத்தவரை எடுத்தோமே. உன் மேலே தினம் தினம் வேறு முகங்களை எழுதிக்கொண்டே இருந்தோம். கடைக்காரர் மீட்டுக் கொடுத்ததில் பாதி முகங்கள், கிழிந்த தோள்கள், யார் யாரோ. ஒரே ஒரு படம் உன்னுடையது. ஸ்டூல் இருந்தது. உன் மடி இருந்தது, மடியில் கோத்த உன் கைகள் இருந்தன, அந்த நீலப் புடவை இருந்தது. கழுத்துக்கு மேலே வெறும் சாம்பல் நிறம். கடையின் வாசற்படியில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜெபத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. படமில்லாமல் வெறும் மெழுகுவர்த்தி வைத்து ஜெபம் பண்ணிவிடலாம் என்று அத்தையிடம் சொல்லத் தைரியம் இல்லாமல் ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அந்தத் தம்பி வந்தான். உனக்கு நினைவிருக்கும். ஊர் திருப்பாச்சூர், இங்கே இரும்பு ஆலையில் வேலை. காதிலிருந்து கழுத்துவரை தீக்காயத் தழும்பு. பெண் வீட்டுக்குக் கொடுக்கப் படம் எடுக்க வந்தவன், காலரைத் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டு உட்கார மாட்டேன் என்றானே, அவன். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பெண் வீட்டில் சம்மதித்தார்களாம். அந்தப் பெண் இப்போது மனைவியாக, நிறைமாதமாக, பக்கத்தில் நின்றாள். வளைகாப்பு வளையலோடு ஒரு படம் வேண்டுமாம்.

"அக்கா இல்லியாண்ணா? அக்கா லைட்டுலதான் எடுக்கணும்னு இவ ஒரே அடம்."

சொன்னேன். சொல்லச் சொல்ல அவன் முகம் மாறிக்கொண்டே போனது. அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவன் ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டான், படத்துக்கு உட்காருவது போல.

"அன்னிக்கு எனக்கு இங்க உக்காரவே புடிக்கலண்ணா. எழுந்து ஓடிடலாமான்னு இருந்துச்சு. அக்கா அட்டைய புடிச்சிக்கினு தோ, அங்க நின்னாங்க. லைட்டு மொத்தமும் அவங்க கன்னத்துல. மறைக்கவே இல்ல. அப்படியே காட்டிக்கினு நின்னாங்க. நான் பாக்கறதப் பாத்துட்டு மெதுவா கேட்டாங்க, 'இன்னா பாக்கற? நான் நிக்கல? உனக்கு இன்னா?'ன்னு. உங்களுக்குக் கேட்டிருக்காது. அப்புறந்தாண்ணா காலர எறக்கி வுட்டேன்."

நான் கேமரா நிற்கும் இடத்துக்குப் போய் நின்று பார்த்தேன். வலது கைப்பக்கம் விளக்கு. இடது கைப்பக்கம் நீ, விளக்கைப் பார்த்து. அப்படி நின்றால் எனக்குத் தெரிவது உன் வலது கன்னம். ஸ்டூலில் இருப்பவருக்குத் தெரிவது இடது. இத்தனை வருஷம் நான் அதைக் கணக்குப் போட்டே பார்க்கவில்லை. இந்த ஸ்டூலில் பயந்துபோய் உட்கார்ந்த அத்தனை பேரும் உன் தழும்பை முழு வெளிச்சத்தில் பார்த்திருக்கிறார்கள். பார்த்த பிறகுதான் அவர்கள் தோள் இறங்கியிருக்கிறது, அந்த நேரம் பார்த்து நான் க்ளிக் பண்ணிவிட்டு, என் கைராசி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்காகத்தான் விளக்கு அங்கே. அதற்காகத்தான் சிவப்பு டேப். டெஸ்டுக்கு உட்காரும்போது அந்த வெளிச்சம் உன் கன்னத்தில் அடிக்கும் என்று தெரிந்தும் விளக்கை நகர்த்த விடாமல், என்னை அழிக்க மட்டும் சொன்னாய்.

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"என் போன்ல அக்கா போட்டோ ஒண்ணு இருக்குண்ணா."

நான் கார்டு மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் எடுத்ததாகச் சொன்னான். கேட்டுத்தான் எடுத்தானாம். தன் அம்மாவுக்குக் காட்ட வேண்டும், இப்படி ஒரு அக்கா எவ்வளவு தைரியமாக நிற்கிறார் பார் என்று காட்ட வேண்டும் என்று சொன்னானாம்.

"அவ இன்னா சொன்னா?" என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"'எடுத்துக்கோ. எங்க ஊட்டுக்காரராண்ட மட்டும் சொல்லாத'ன்னாங்க."

போனை நீட்டினான். நீ இருந்தாய். நெற்றி முதல் தாடைவரை முழுசாக. பலகை மேல் விரல், பிய்த்துக்கொண்டிருக்கிறாய். வெளிச்சம் இடது கன்னத்தில் விழுந்து, தழும்பின் ஒவ்வொரு சுருக்கமும் தெரிகிறது. வாயை ஒரு பக்கமாக இழுத்துச் சிரிக்கிறாய், எனக்கு ஒருமுறைகூடக் கேமராவில் கிடைக்காத சிரிப்பு. பின்னால், மங்கலாக, கேமரா மேல் குனிந்த என் தலைமுடி. நானும் இருக்கிறேன், முகம் இல்லாமல்.

அந்த நிலைமையிலும், "வாட்ஸ்அப்புல சும்மா அனுப்பாதடா, டாகுமெண்டா அனுப்பு, தரம் போயிடும்," என்றேன் பார். அதற்குப் பிறகுதான் உடைந்து அழுதேன். அந்தத் தம்பியும் அவன் மனைவியும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

ஏன்? இதைத்தான் உன்னிடம் கேட்க வேண்டும். முன்பின் தெரியாதவனிடம் காட்டினாய். அவன் அம்மாவுக்குக்கூடக் காட்ட விட்டாய். என்னிடம் மட்டும் எதற்கு அழி, அழி என்றாய்? உன் தழும்பை நான் பார்த்ததே இல்லையா? நீ தூங்கும்போது எத்தனை முறை அதைத் தொட்டிருக்கிறேன்! என் கேமராவில் மட்டும் அழகாக இருக்க வேண்டும் என்று நினைத்தாயா? அப்படி நினைத்திருந்தால், அதைவிட ஒரு பைத்தியக்காரத்தனம் உண்டா? அல்லது நான் உன்னைப் பார்க்கவில்லை, விளக்கைத்தான் பார்க்கிறேன் என்று தெரிந்துவைத்திருந்தாயா? இரண்டில் எது என்று தெரியாமலே நான் சாக வேண்டுமா? பதில் சொல்ல நீ இல்லை. கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை.

டெலிட் பட்டன் மேல் என் கட்டைவிரல் போய் நின்றதையும் சொல்லிவிடுகிறேன். பழக்கம். உன் முகம் திரையில் வந்தால் அடுத்த நொடி அங்கேதான் போகும். விரலை இன்னொரு கையால் பிடித்து எடுத்தேன்.

படத்தைப் பெரிதாக்கினேன். பரு எடுக்கவில்லை, நிறம் ஏற்றவில்லை, எதையும் தொடாமல் கண்ணாடி ஃப்ரேம் போட்டேன். ஜெபத்தன்று அத்தை அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நீ சின்னவளாக இருந்தபோது சாயங்காலம் சாயங்காலம் தேங்காய் எண்ணெய் தொட்டு உன் கன்னத்தில் வட்டமாகத் தேய்ப்பாராமே, அதே மாதிரி கட்டைவிரலால் கண்ணாடி மேல் தேய்த்தார். "இவதான். வந்துட்டா," என்றார். ஜெபம் ஆரம்பித்து, பாட்டு முடிந்து, எல்லோரும் ஆமென் சொன்ன பிறகும் அந்த விரல் நிற்கவில்லை. நான் திரும்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அந்தத் தம்பியும் மனைவியும் வந்தார்கள். குடை விளக்குகளை மடக்கினேன். கறுப்புப் போர்வையை எடுத்தேன். பெரிய விளக்கைத் தேய்ந்துபோன சிவப்பு டேப் மேல் கொண்டுபோய் நிறுத்தினேன். கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, உன் பலகையை இறக்கி, உன் இடத்தில் போய் நின்றேன். வேறு யார் நிற்பார்கள்? கொஞ்ச நேரத்தில் இடது கன்னம் சுட்டது. அந்த விளக்கு அப்படி எரிக்கும் என்று எனக்குத் தெரியாது, நான் எப்போதும் அதற்குப் பின்பக்கம்தானே நின்றேன். நாளெல்லாம், கஞ்சி கொட்டிய அதே கன்னத்தில், அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாய். ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள், நான் அழுவதைப் பார்த்தோ என்னவோ. ரிமோட்டை அமுக்கினேன். நல்ல படம். நீ பார்த்திருந்தால் குறை சொல்ல ஏதாவது கண்டுபிடித்திருப்பாய்.

இன்று அந்தத் தெர்மாகோல் மணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இடது கன்னத்தில் சூடு இன்னும் போகவில்லை, அல்லது போகவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. எதிர்ச் சுவரில் உன் படத்தின் இன்னொரு பிரின்டை மாட்டியிருக்கிறேன், ஸ்டூலில் உட்காருகிறவர்கள் கண்ணுக்கு நேராக. நீ என் பக்கம் திரும்பாமலே கேட்பது காதில் விழுகிறது. அழிச்சிட்டியா?

இல்லை. அழிக்கவில்லை. கோபமாக இருந்தால் வந்து திட்டு.